மேல்வீட்டுக்காரர்

போன் அடித்தபோது அவள் ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டு முனைகள் எதிரே நின்ற தோழியின் கையில் இருந்தன. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து அப்போதுதான் எடுத்த விரிப்பு, உள்ளங்கையில் இன்னும் சுட்டது. மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை நேரத்தில் போனை எடுக்கக் கூடாது. ஆனால் அது நின்று நின்று மறுபடியும் அடித்துக்கொண்டே இருந்தது. தோழி விரிப்பை மொத்தமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "எடுத்துப் பேசிடுடி, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

தம்பிதான் பேசினான். "அக்கா, பயப்படாத."

அப்படி ஆரம்பித்த எந்தப் பேச்சும் அவளுடைய வாழ்க்கையில் நல்லபடியாக முடிந்ததில்லை. அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மாமாவுக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்காரு. ஆனா கீழ இறங்க மாட்டேங்கிறாரு. நீ கொஞ்சம் வந்து பேசேன்."

"இறங்க மாட்டேங்கிறாரா? யார் கூடயாவது சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லக்கா. முடியலங்கிறாரு. கை வர மாட்டேங்குதாம்."

அவள் கணவர் கோபுரக் கிரேன் ஓட்டுபவர். கட்டடம் வளர வளர அதற்குப் பக்கத்தில் அதைவிட உயரமாக வளர்ந்துகொண்டே போகும் இரும்புக் கோபுரம். அதன் உச்சியில் நீட்டிய கை. கை தொடங்கும் இடத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏணியில் ஏறிப் போய் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாட்டு டப்பாவையும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் ஒரு காலி பாட்டிலையும் தோள்பையில் போட்டு எடுத்துப் போவார். காலி பாட்டில் எதற்கு என்று கல்யாணமான புதிதில் கேட்டுவிட்டு அவள் வெட்கப்பட்டது உண்டு. சைட்டில் அவருக்கு 'மேல்வீட்டுக்காரர்' என்று பெயர். "மேல்வீட்டுக்காரர் தண்ணி சிந்துறாரு பாரு" என்று மழை தூறும்போது கீழே நிற்பவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். அவருக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து அவளிடமும் மகளிடமும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே போனாள். அவர்கள் வீட்டில் பயம் என்பது இத்தனை நாளும் அவளுடைய இலாகா. கொடியில் துணி படபடத்தால் போதும், வாசலுக்கு ஓடிவந்து வானத்தைப் பார்ப்பாள். சலவைப் பிரிவின் ஜன்னல் வழியாக மரக்கிளை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே எத்தனையோ விரிப்புகளைத் தப்பாக மடித்திருக்கிறாள். "இந்த வேலைய விட்டுட்டுக் கீழ ஏதாவது பாருங்களேன்" என்று அவள் கெஞ்சாத வருஷம் இல்லை. அவர் சிரிப்பார். "கீழ இருக்கறவன் மேலதாண்டி வண்டி மோதும். மேல என்ன இருக்கு? ஒரு சத்தம் கிடையாது. யாரும் வந்து நிக்க மாட்டாங்க. கொக்கி என் கை மாதிரி. நான் நெனச்ச எடத்துல போய் நிக்கும்." அவர் அதைச் சொல்லும் விதத்தில் அவளுக்கு அன்றைக்கு மட்டும் தூக்கம் வரும். அவர் பயப்படாமல் இருந்ததால்தான் தன்னால் நிம்மதியாகப் பயப்பட முடிந்தது என்பது அவளுக்கு அந்தப் பஸ்ஸில்தான் தெரிந்தது.

சைட்டில் வேலை நின்றுபோயிருந்தது. ஆட்கள் நிழல் பார்த்து ஒதுங்கி, மேலே பார்க்காதது போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளவயது இன்ஜினியர் பெண் ஒருத்தி ஓடிவந்து அவள் தலையில் ஒரு ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, கையில் வாக்கி-டாக்கியைக் கொடுத்தாள்.

"அழுத்திட்டுப் பேசுங்கக்கா. பேசி முடிச்சதும் விட்டுடுங்க, அப்பத்தான் அவர் பேசறது கேக்கும்." பிறகு திரும்பி, சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் அவங்கவங்க செட்ட ஆஃப் பண்ணுங்க. அவங்க வீட்டுப் பேச்சு அது" என்றாள்.

ஒவ்வொரு இடுப்பிலிருந்தும் ஒரு கரகரப்பு அணைந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள்.

"என்னங்க, நான்தான்."

வெகு நேரம் காற்றின் இரைச்சல். பிறகு அவர் குரல், பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல. "நீ எதுக்கு வந்த? வேலை இல்லையா இன்னிக்கு?"

"சொல்லிட்டு வந்தேன். இறங்கி வாங்க."

"லோடு எறக்கிட்டேன்னு அவங்ககிட்ட சொல்லு. கொக்கில ஒண்ணும் தொங்கல."

"சொல்றேன். நீங்க வாங்க."

"கதவத் தெறக்க முடியல."

"பூட்டிக்கிச்சா?"

"இல்ல." மறுபடி இரைச்சல். "கதவு நல்லாத்தான் இருக்கு."

பயந்தவளாகப் பேச அவளிடம் ஆயிரம் வார்த்தை இருந்தது. பயந்தவரிடம் பேச ஒன்றுகூட இல்லை. 'ஒண்ணும் ஆகாது' என்று அவர் அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதையே திருப்பிச் சொல்ல வாயெடுத்து, பொய் போல இருக்கும் என்று நிறுத்திக்கொண்டாள். "குட்டி ஸ்கூல் விட்டு வந்துருவா" என்றாள் கடைசியில். "உங்கள எங்கன்னு கேப்பா."

"யாரையும் மேல அனுப்பாத. முக்கியமா மாப்ளய ஏற விடாத. கேக்குதா? மாப்ள ஏற வேண்டாம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் வந்தபோது பக்கத்தில் நின்ற தம்பி இப்போது அங்கே இல்லை. கோபுரத்தின் கம்பிகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் ஹெல்மெட் ஏற்கெனவே பாதி உயரத்தில் இருந்தது.

தம்பி அங்கே சிக்னல்மேன். கிரேன் ஓட்டுபவரால் கீழே எல்லாவற்றையும் பார்க்க முடியாது. கீழே நின்று, தூக்கு, நிறுத்து, இடப்பக்கம் என்று சொல்கிறவன் அவருக்கு இன்னொரு ஜோடிக் கண். அந்த வேலைக்கு அவன் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர்கள் இருவரும் ஏணியில் இறங்கி வந்ததை அவள் முழுதாகப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். சட்டை பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போல நனைந்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை. இன்ஜினியர் பெண்ணைத் தேடிப் பிடித்துப் பார்த்து, "லோடு எறக்கிட்டேன்மா" என்றார்.

"தெரியும்ண்ணே" என்றாள் அந்தப் பெண். குரல் உடைந்தது போல இருந்தது. சின்னப் பெண்தானே.

அடுத்த நாட்கள் மருத்துவமனையில் போயின. வேலை செய்கிற இடம் என்பதால் வரிசையில் அதிகம் நிற்க வேண்டியிருக்கவில்லை. மார்பில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். சுழலும் பட்டையின் மேல் ஓடவிட்டுப் பார்த்தார்கள். தலையை ஒரு குழாய்க்குள் அனுப்பிப் பார்த்தார்கள். அவள் கையால் மடித்த விரிப்புகளின் மேல் அவர் படுத்து எழுந்தார். ஒவ்வொரு முறையும் எழுந்ததும் அதைத் திரும்ப இழுத்துச் சரி செய்துவிட்டு வந்தார். எல்லா டாக்டர்களும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: நார்மல். இதயம் நார்மல். ரத்தம் நார்மல். மூளை நார்மல். "முப்பது வயசுக்காரன் மாதிரி இருக்கீங்க" என்று ஒருவர் தோளில் தட்டினார்.

அவர் முகம் ஒவ்வொரு நார்மலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்ததை அவள் கவனித்தாள். வெளியே வந்து படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி, "ஒரு அடைப்பாவது இருந்திருக்கலாம்" என்றார்.

"என்ன பேச்சு இது?"

"அடைப்புன்னா சொல்லிக்கலாம்ல. யாராவது கேட்டா."

கேட்கத்தான் செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி, அவருடைய அண்ணன், அண்ணி, ஒன்றுவிட்ட சித்தப்பா வரைக்கும். "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையாமே?" என்று சந்தோஷமாக ஆரம்பித்து, "அப்புறம் என்ன?" என்று முடித்தார்கள். வெயிலில் மயங்கியிருப்பார் என்று ஒருவர் சொன்னார். நல்லாச் சாப்பிட்டுத் தூங்கினால் போதும் என்று ஒருவர். அண்ணன்தான் நேராகவே கேட்டார்: "இத்தன வருஷம் ஏறினவனுக்கு இப்ப என்னடா பயம்?" போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு, "அதான் தெரியலண்ணே" என்றார். தப்பு செய்துவிட்டு வந்த பையன் மாதிரி.

கடைசியாக மனநல டாக்டரிடம் போனார்கள். அது வேறு கட்டடம். அந்த வார்டின் விரிப்புகளும் அவளிடம்தான் வரும், அங்கே வேலை செய்கிறவர்கள் அவளுக்குத் தெரிந்தவர்கள். அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, இருமல்காரர் போல உட்கார்ந்திருந்தார். டாக்டர் அம்மா நிதானமாகக் கேட்டார், நிதானமாகச் சொன்னார். "இது நிஜமான வியாதிதான். நீங்களா வரவெச்சுக்கிட்டது இல்ல. மாத்திரை இருக்கு, பேசிப் பழகற சிகிச்சை இருக்கு. நிறைய பேருக்குச் சரியாகுது. ஆனா மாத்திரை சாப்பிடறப்போ தூக்கம் வரும். கிரேன் ஓட்டக் கூடாது."

"சாப்பிடலன்னா?" என்றார் அவர்.

"சாப்பிடலன்னாலும் ஓட்டக் கூடாது" என்றார் டாக்டர்.

வெளியே, மருந்து வாங்குகிற இடத்துக்கு எதிரே ஒரு பெஞ்ச் இருந்தது. அதில் உட்கார்ந்துதான் அவர் முதன்முதலாக வாய் திறந்தார். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "எப்பலேருந்து?"

"ரொம்ப நாளா. மழைக்கு முன்னாடியே."

"ஏன் சொல்லல?"

"உனக்குத்தான் ஏற்கெனவே பயமா இருக்கே. நானும் பயந்தா எப்படி?" சொல்லிவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தார். "ஏறும்போது ஒண்ணும் இல்ல. உயரமெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்ல, இப்பவும் இல்ல. லோடு தூக்கினாத்தான். நெஞ்சு அடிக்கிறது காதுல கேக்கும். கை ஈரமாயிடும். லீவர் வழுக்கும். துடைச்சுத் துடைச்சு ஓட்டினேன்."

"லோடு விழுந்துடும்னா?"

"விழாது. என் கையில விழுந்ததே இல்ல." உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். "மேலேருந்து பாத்தா தலை தெரியாது. தொப்பிதான் தெரியும். மஞ்சத் தொப்பி, வெள்ளத் தொப்பி. இத்தன வருஷமா தொப்பிங்களுக்கு நடுவுலதான் கம்பியக் கொண்டு போய் எறக்கினேன். மாப்ள வந்து கீழ நின்னப்புறம் ஒரு தொப்பி மட்டும் தலையாயிடுச்சு. உன் தம்பி தலை. அவன் நகர்ந்தா என் கண்ணும் கூடவே போகும். அப்புறம் அவனுக்குப் பக்கத்துல நிக்கறவனும் தலையாயிட்டான். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள்ல. அப்புறம் எல்லாமே..."

மருந்துக் கடைக்காரர் யாரோ ஒருவரின் பெயரை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தம்பிக்கு அந்த வேலையை வாங்கித் தரச் சொன்னது அவள். சொந்தக்காரங்க ஒரே சைட்ல வேணாமே என்று அவர் இழுத்தார். என்ன காரணம் என்று அவருக்கே அப்போது சொல்லத் தெரியவில்லை. "என் தம்பின்னா உங்களுக்கு யாரோவா?" என்று சாப்பிடாமல் படுத்து, அழுது, முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள்தான் அதை நடத்திக்காட்டினாள். அவர் அதைச் சொல்லிக்காட்டுவார் என்று காத்திருந்தாள். சொல்லிக்காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவன்கிட்ட இதச் சொல்லிடாத" என்றார் அவர். "பாவம், அவனுக்கு என்ன தெரியும்."

வீட்டில் மகள் குட்டியிடம் எப்படிச் சொல்வது என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, குட்டியே ஒரு சாயங்காலம் புத்தகப் பையைக் கழற்றாமல் வந்து நின்றாள். கூடப் படிக்கிற பெண்ணின் மாமா அதே சைட்டில் பெயிண்டராம். "அப்பா, நீங்க மேல பயந்துட்டீங்களா?"

அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "போய் முகம் கழுவுடி" என்று அதட்டினாள். அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"ஆமாம் குட்டி. பயந்துட்டேன்."

குட்டி யோசித்தாள். "ரொம்பவா?"

"ரொம்ப."

"எனக்குக் கணக்குப் பரீட்சைன்னா வருமே, வயித்துல. அந்த மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். அதுல மணி அடிச்சாப் பேப்பர வாங்கிட்டு விட்டுடுவாங்க. இதுல யாரும் வாங்கிக்க வரல."

குட்டி பையோடேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் புறங்கையைத் தடவிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் அவள் குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். கையில் ஒரு பை ஆப்பிள். அவன் பழம் வாங்கிக்கொண்டு வருகிற ஆள் இல்லை. வந்தால் இருப்பதைத் தின்றுவிட்டுப் போகிறவன். மாமா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அடுப்படி வாசலில் நின்றான்.

"அக்கா, என்னைக் கேக்கறாங்க."

"என்னன்னு?"

"கிரேனுக்கு. நான்தான் லைசென்ஸ் பரீட்சை எழுதி வெச்சிருக்கேன்ல. வெளியாள் கொண்டுவந்தா நாளாகும், நீ உக்காரு, பழகிக்கலாம்னு சொல்றாங்க." ஆப்பிள் பையின் முடிச்சை அவிழ்த்து, மறுபடி முடிந்தான். "நான் மாட்டேன்னா வேற யாராவது உக்காரப் போறான். ஆனா மாமா சீட்டுக்கா அது. போகவா வேணாமா, நீ சொல்லு."

அவள் கையில் இருந்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். போகாதே என்றால் ஏன் என்று கேட்பான். அந்த ஏனுக்குப் பின்னால் மருந்துக் கடைக்கு எதிரே இருந்த பெஞ்ச் இருந்தது. போ என்றால், இத்தனை வருஷம் புருஷனை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்த அதே பயத்துக்குள் இப்போது கூடப் பிறந்தவனையும் அனுப்பிவைத்த மாதிரி ஆகும். இவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள். "மாமாவக் கேளு" என்றாள் கடைசியில். அப்படிச் சொன்னதற்காக அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது.

தலையைத் துவட்டியபடி வந்த அவருக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆப்பிளையும் தம்பியின் முகத்தையும் பார்த்தார். "ஏறு மாப்ள" என்றார். "நல்ல வேலை. கௌரவமான வேலை."

"மாமா, நீங்க சரியாகி வர்ற வரைக்கும்தான்."

"சரி."

"எதாவது சொல்லிக் குடுங்க மாமா. உங்களுக்குத் தெரிஞ்சதுல கால்வாசி எனக்குத் தெரியாது."

அவர் துண்டை மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, அவள் மடிப்பது போலவே. "வேணாம். என்கிட்ட எதுவும் கேக்காத. நான் சொல்லிக் குடுத்தா அதோட சேந்து இன்னொண்ணும் உனக்குள்ள வந்துரும். வேற யார்கிட்டயாவது கத்துக்க."

தம்பிக்கு அது கோபமாகப் பட்டது. முகம் சுருங்கிப் போனது. மாமாவுக்கு என்மேல வருத்தமாக்கா என்று வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டான். இல்லடா என்றாள். அவன் நம்பாமல் போனான். அதற்கப்புறம் அவன் வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் உட்காருவதில்லை.

கம்பெனி அவரை அதே சைட்டில் ஸ்டோரில் போட்டது. ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், போல்ட்டு, ஒயர் சுருள் எல்லாம் கேட்டு வருபவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. தகரக் கூரை போட்ட அறை, கேட்டுக்குப் பக்கத்தில். அதன் ஒரே ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. அவர் அதற்கு எதிரில்தான் மேஜையைப் போட்டுக்கொண்டார். முதுகு சைட்டுக்கு. மாத்திரை சாப்பிடச் சாப்பிட நெஞ்சு அடிப்பது குறைந்தது. சிரிப்பும் குறைந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். உடம்பு கொஞ்சம் ஊதியது. முன்பெல்லாம் கல்யாண வீடுகளில் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, மேலேருந்து என்ன தெரியும் என்று கேட்பார்கள். கடல் தெரியும், உங்க ஸ்கூல் தெரியும், உங்க மிஸ் தூங்கறது தெரியும் என்று அளப்பார். இப்போது யாரும் கேட்கவில்லை. அவர் காதில் விழும்படியே ஒருநாள் யாரோ தம்பியை 'சின்ன மேல்வீட்டுக்காரர்' என்று கூப்பிட்டார்களாம். அதை அவளிடம் வந்து சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பழைய சிரிப்பு மாதிரியேதான் இருந்தது, ஒரு கணம் முன்னாலேயே முடிந்துவிட்டது.

அவளுக்கு அவரைப் பற்றிய பயம் போயே போய்விட்டது. இத்தனை வருஷம் எதற்காக ஏங்கினாளோ அது கிடைத்துவிட்டது: அவர் கீழே இருந்தார், தரையில், கூரைக்கு அடியில், பத்திரமாக. சில நாள் அவர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து போவதைப் பார்க்கும்போது, நான்தான் இவரை இப்படி இறக்கிவிட்டேனோ என்று தோன்றும். எந்த நேரமும் கீழே வாங்க, கீழே வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளே. கூப்பிட்டது கேட்டுவிட்டது போல.

காற்றுக் காலம் ஆரம்பித்தது. அன்றைக்குக் காலையிலிருந்தே வானம் ஒரு மாதிரியாக இருந்தது. மதியத்துக்கு மேல் சலவைப் பிரிவின் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. வெளியே மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. அவள் ஒரு விரிப்பைத் தூக்கியவள், அதைப் பிடித்தபடியே நின்றாள்.

"என்னடி, வீட்டுக்காரர்தான் இப்ப கீழ இருக்காரே" என்றாள் தோழி.

"தம்பி மேல இருக்கான்."

தோழி விரிப்பை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் மேலே இருந்த வருஷங்களில், எவ்வளவு காற்றடித்தாலும், அவள் ஒருநாள்கூட வேலையை விட்டுவிட்டு ஓடியதில்லை. அன்றைக்கு ஓடினாள்.

ஸ்டோரில் அவர் இல்லை. மேஜையில் அவர் மூக்குக்கண்ணாடி இருந்தது, திறந்த கையுறைப் பெட்டி இருந்தது. மண்ணும் சிமெண்ட்டும் சுழன்று கண்ணில் அடித்தன. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே நடந்தாள். ஆட்கள் கட்டடத்துக்குள் ஒதுங்கியிருந்தார்கள். இன்ஜினியர் பெண் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து, "வேலைய நிறுத்தியாச்சுக்கா, உங்க தம்பி இறங்கிட்டிருக்காரு, பயப்படாதீங்க" என்று கத்தினாள். மேலே, கிரேனின் நீண்ட கை யாரும் ஓட்டாமல் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம். அது உடைந்துவிட்டது என்றே அவள் நினைத்தாள். நிறுத்தும்போது அப்படி அவிழ்த்துவிடத்தான் வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

கோபுரத்தின் அடிவாரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

சிமெண்ட் மூட்டையில் உட்கார்ந்திருந்த அந்த நாளுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே வந்ததில்லை. இப்போது ஏணியின் அடிக்கால்கள் இரண்டையும் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி ஊன்றி நின்றார். வீட்டில் பரண் மேல் ஏறுகிறவனுக்கு மர ஏணியைப் பிடித்துக்கொள்வோமே, அப்படி. ஆள் உயரத்துக்குக் கான்கிரீட் கொட்டி, அதற்குள் போல்ட்டு போட்டு முறுக்கிய கோபுரம் அது. பத்து ஆள் பிடித்தாலும் விட்டாலும் அதற்கு ஒன்றுதான். அது அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. முதுகு நனைந்து சட்டை ஒட்டியிருந்தது. மேலே பார்க்கவில்லை. தரையைப் பார்த்து, வாய் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. காற்றில் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் பக்கத்தில் போனாள். "என்னங்க" என்றாள். அவர் திரும்பவில்லை, அவள் வந்தது தெரியும் என்பது போல ஒரு கையை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கி இடம் விட்டார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். சில்லென்று இருந்தது. பிடித்ததும் தெரிந்தது, இரும்புக்குள் ஒரு அதிர்வு ஓடிக்கொண்டிருக்கிறது. மேலேயிருந்து வந்து, உள்ளங்கைக்குள் புகுந்து, முழங்கை வரைக்கும் ஏறியது. இறங்கி வருகிறவனின் காலடியா அது, வெறும் காற்றா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இருவரும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.